இளையான்குடி மாறனாரும் நம் தோட்டத்து உழவரும்



ஆவணி மாதத்து மக நட்சத்திரத்திலே சிவாலயங்களில் ஒரு குருபூசை நடைபெறுகின்றது. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய இளையான்குடி மாறனாருக்கு உரிய குருபூசை அது. அவர் பதிகம் பாடியவர் அல்லர், சாத்திரம் எழுதியவர் அல்லர், நாடாண்டவரும் அல்லர். கலப்பையும் மண்வெட்டியும் அவர் கையாண்ட கருவிகள். சோறும் கீரைக்கறியும் அவர் படைத்த காணிக்கை. மண்ணைக் கிளறி உயிர் வாழ்ந்த ஓர் உழவர், அரசருக்கும் அந்தணருக்கும் சமமாகக் கோயிற் பிராகாரத்திலே நின்று வணங்கப்படுகின்றார். இந்தப் பேறு அவருக்கு எதனால் வந்தது?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் வாழும் நமக்கு இது தூரத்துக் கேள்வி அன்று. கொழுந்துக் கூடையும் பால்கத்தியும் நம் கைக்கு வருவதற்கு முன்னே நம் பாட்டன் பாட்டிமாருடைய கையில் இருந்தவை நாற்றுமுடியும் கதிரரிவாளுமே. ஆகவே, மாறனார் வரலாற்றை நம் வரலாற்றோடு சேர்த்து வைத்து எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

காலமும் இடமும்

மாறனாரை நமக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் சுந்தரமூர்த்தி நாயனார். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டிலே அவர் திருவாரூரிற் பாடிய திருத்தொண்டத்தொகையின் முதற் பாட்டிலேயே இவர் பெயர் வருகின்றது. பின்னர் நம்பியாண்டார் நம்பி அதனைத் திருத்தொண்டர் திருவந்தாதியிலே சிறிது விரித்தார். 12ஆம் நூற்றாண்டிலே, அநபாயன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே முழு வரலாற்றையும் பாடினார். சேக்கிழார் அமைச்சராக இருந்தவராயினும் குன்றத்தூர் வேளாண்குடியிற் பிறந்தவர். வயலும் வரப்பும் தெரிந்தவர் பாடியது என்பது மாறனார் வரலாற்றின் ஒவ்வோர் அடியிலும் விளங்கும். நம் ஈழநாட்டு நல்லூர் ஆறுமுகநாவலர் பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852இல் அச்சேற்றியதன் பயனாக, செய்யுள் படித்தறியாதவர் வீட்டிலும் இவ்வரலாறு நுழைந்தது.

இனி, இளையான்குடி எங்கே உள்ளது? பழைய இராமநாதபுர மாவட்டத்திலே, பரமக்குடிக்கு அண்மையில் உள்ள ஊர் அது என்று கொள்வது வழக்கம். 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் அது சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. அச்சீமை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். மழை பொய்த்தால் அடுப்பு எரியாது. நம் இரத்தினபுரியில் ஓராண்டில் 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அங்கே அதன் மூன்றிலொரு பங்கும் இல்லை. அப்படிப்பட்ட மண்ணிலே உழவனாக இருப்பதும், உழவனாக இருந்துகொண்டே வள்ளலாக இருப்பதும் எளிய காரியங்கள் அல்ல.

ஒரு மழையிரவு

மாறனார் முதலில் வறியவர் அல்லர். உழவினால் வந்த பெருஞ்செல்வம் அவருக்கு இருந்தது. சிவனடியார் எவர் வந்தாலும் எதிர்சென்று கைகூப்பி, கால் கழுவி, ஆசனமிட்டு, அறுசுவை உணவு படைப்பது அவர் நாள்தோறும் செய்த வழிபாடு. செல்வம் உள்ளபோது கொடுப்பவர் பலர் உண்டு. இவர் இல்லாதபோதும் கொடுப்பவர் என்பதை உலகம் அறியவேண்டும் என்று இறைவன் திருவுளங் கொண்டான் என்பர். செல்வம் சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. மாறனார் மனம் சுருங்கவில்லை. உள்ள நிலத்தை விற்றார்; உடைமையை விற்றார்; கடன் வாங்கினார்; இனிக் கடன் கொடுப்பார் இல்லை என்னும் நிலைவரை வாங்கினார். அடியாருக்கு அமுதளிப்பதை மாத்திரம் நிறுத்தவில்லை.

அது மாரிக்காலம். பகல் முழுவதும் பட்டினி. பாதி இரவாயிற்று. மழை கொட்டுகின்றது. கதவைச் சாத்திவிட்டுக் கணவனும் மனைவியும் பசியோடு இருக்கிறார்கள். அவ்வேளையிலே வாசலில் ஓர் அடியார் வந்து நிற்கிறார். மாறனார் கதவைத் திறந்து உள்ளே அழைத்து, நனைந்த மேனியைத் துவட்டி, இருக்கை கொடுத்தார். பின்பு மனைவியாரிடம் சென்று, “அடியார் பசித்திருக்கிறார், என் செய்வோம்?” என்று கேட்டார்.

வாலிபர்களே, இந்த இடத்தை நன்கு கவனியுங்கள். வழி காட்டியவர் அந்த அம்மையார். வீட்டிலே ஒன்றும் இல்லை, அயலாரும் இனித் தரமாட்டார், இரவோ நெடுநேரமாயிற்று, வேறு போக்கிடமும் இல்லை. ஆயினும், பகலிலே வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் இயன்றபடி சமைத்துத் தருவேன் என்றார் அவர். செல்வமெல்லாம் திரும்பி வந்தாற்போல மாறனார் மகிழ்ந்தார்.

ஒரு பெரிய கூடையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். கண் தெரியாத இருட்டு. பழகிய வழியைக் காலாலே தடவித் தடவி வயலை அடைந்தார். மழைநீரில் மிதந்து முளைகள் வரப்போரம் ஒதுங்கியிருந்தன. கையினாலே கோலி வாரிக் கூடை நிறையச் சுமந்து வந்தார். அம்மையார் வாசலிலே காத்து நின்று வாங்கி, சேறு போகக் கழுவினார். அடுப்பெரிக்க விறகு இல்லை என்றார். மாறனார் வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்துத் தள்ளினார். ஈர நெல்லைக் குத்த முடியாது; காயவைக்க வெயிலும் இல்லை. ஆகவே அம்மையார் அதனை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலையிலிட்டார். கறிக்கு என்ன வழி? கொல்லையிலே இன்னும் வளராத கீரைப்பயிர் சிறிது இருந்தது. மாறனார் அதனை வேரோடு பறித்து வந்தார். உலகப் பற்றை வேரோடு பறிப்பவர் போலப் பறித்தார் என்பது சேக்கிழார் காட்டும் கருத்து. அந்த ஒரு கீரையையே அம்மையார் தம் கைத்திறத்தால் பலவகைக் கறியாக ஆக்கினார்.

அமுது ஆயிற்று. உறங்குகின்ற அடியாரை எழுப்பினார்கள். எழுந்தவர் சோதியாகத் தோன்றினார். உமையோடு இடபத்தின்மேற் காட்சி கொடுத்த பெருமான் இருவரையும் தம் உலகிலே இன்புற்றிருக்க அருளினார். மாறனாரோடு மாத்திரம் அருள் நின்றுவிடவில்லை. அம்மையாருக்கும் அதே பேறு கிடைத்தது. ஆனால் அவர் பெயர் என்ன என்று ஏட்டிலே எழுதப்படவில்லை.

விதைநெல்லின் கட்டுப்பாடு

இவ்வரலாற்றைக் கேட்கும் இளைஞருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். விதைத்த நெல்லை வாரிச் சமைப்பது புத்தியா? நாளைக்கு என்ன செய்வது? இந்த ஐயம் நியாயமானதே. உழவர் வீட்டிலே விதைநெல் என்பது தனிப் பொருள். நல்ல கதிராகத் தெரிந்து, காயவைத்து, கோட்டை கட்டித் தனியே வைப்பார்கள். வீட்டிலே பசி வந்தாலும் விதைக் கோட்டையைத் தொடமாட்டார்கள். விதையைத் தின்றவன் அடுத்த வருடத்தையும் சேர்த்துத் தின்றவன் ஆவான்.

உலகமெங்கும் உழவரும் உழவை ஆராய்வோரும் இக்கட்டுப்பாட்டை மதித்தே வந்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில், 1941 செப்டெம்பர் முதல் 1944 சனவரி வரை லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அந்நகரிலே வவிலோவ் என்னும் அறிஞர் உலகமெங்கும் சென்று சேர்த்த விதைக் களஞ்சியம் ஒன்று இருந்தது. அதைக் காத்த ஆராய்ச்சியாளர் சிலர், கோதுமையும் நெல்லும் பயறும் சுற்றிலும் மூட்டையாக இருக்க, அவற்றில் ஒரு பிடியும் உண்ணாமல் பசியால் இறந்தனர். நெல் விதைகளைக் காத்த இவானொவ் என்பவரும் அவர்களுள் ஒருவர். பின்வரும் மக்களுக்கு விதை வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம்.

அவர்கள் விதையைக் காத்தார்கள். மாறனார் விதையைக் கொடுத்தார். இரண்டும் முரண்போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் ஒரு பொதுவிதி உண்டு. தம் பசிக்காக ஒருவரும் விதையைத் தொடவில்லை! மாறனாரும் அம்மையாரும் பகல் முழுவதும் பட்டினி கிடந்தார்கள் அன்றோ? அப்போது அவர்களுக்கு வயல் நினைவுக்கு வரவில்லை. விதைநெல்லை வைத்துக்கொண்டே பசித்துப் படுத்தார்கள். வாசலிலே இன்னொருவர் பசியோடு நின்றபோதுதான் வயல் நினைவுக்கு வந்தது.

உழவு தெரிந்தவர் இன்னுமொன்று அறிவார். நெல்லை ஊறவைத்து, முளைகட்டி, சேற்றிலே தூவிய அன்றிரவு பெருமழை பெய்தால், முளைகள் வேர் ஊன்றுமுன் மிதந்து ஒரு பக்கம் ஒதுங்கும். அப்படி ஒதுங்கியதைக் கண்ட உழவன் வாரி எடுத்து மறுபடியும் தூவவே எண்ணுவான். மாறனார் கையில் வாரிய முளை அவருடைய அடுத்த போகம். அவருடைய கடனை அடைக்க இருந்த ஒரே வழி. அதை அறிந்தே வாரினார். திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே, விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவனுடைய நிலத்துக்கு விதையும் இடவேண்டுமோ என்று ஒரு கேள்வி கேட்கிறார். மாறனார் விதைத்ததையே எடுத்துக் கொடுத்து அதற்கு விடை சொன்னார்.

இளையான்குடிச் சீமையிலிருந்து சப்பிரகமுவைக்கு

இனி நம் முன்னோரை நோக்குவோம். இலங்கையின் மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியது 1830களில். அத்தோட்டங்களுக்கு இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடலைத் தோணியிலே கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலைநாடு சேர்ந்தார்கள். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர்.

இங்கே ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கோப்பிக் காலத்திலே வந்தவர்களுள் பெரும்பாலோர் நிலையாகத் தங்க வந்தவர் அல்லர். கோப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கூலியைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு கால் வயலிலும் மறுகால் தோட்டத்திலுமாக அவர்கள் உழவராகவே இருந்தார்கள். 1869இல் இலைநோய் வந்தது; அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிப் பகுதியிலே பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். 1876இல் பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் எனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் இறப்பர்க் காடாயின. இறப்பருக்கும் நாள்தோறும் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களிலே தங்கினார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திலே ஊரில் இருந்த விதைநெல்லும் தீர்ந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல வயலும் இல்லாமற் போயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர் வந்தவர் தொகை இன்னும் கூடிற்று.

அவர்கள் எப்படி வந்தார்கள்? கங்காணியிடம் வழிச்செலவுக்கு முன்பணம் வாங்கி, கடனாளிகளாக வந்தார்கள். அக்கடன் துண்டிலே எழுதப்பட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, துண்டைத் தீர்க்காமல் வேறிடம் செல்ல வழியில்லை. மாறனாரும் கடனாளி, நம் பாட்டனும் கடனாளி. மாறனார் பிறர் பசிக்காகக் கடன்பட்டார். நம் பாட்டன் தன் பிள்ளைகளின் பசிக்காகக் கடன்பட்டான். இரண்டு கடனும் மானமுள்ள உழவன் பட்ட கடனே.

மலையின்மேல் உழவர் உள்ளம்

சப்பிரகமுவைத் தோட்டங்களின் அமைப்பு நுவரெலியாப் பக்கம் போன்றது அன்று. இங்கே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. மேட்டிலே இறப்பர் மரம். பள்ளத்திலே சிங்களக் கிராமத்து வயல். லயத்து வாசலில் நின்றால் கீழே நாற்று நடுவதும், கதிர் அரிவதும், சூடு அடிப்பதும் கண்ணுக்குத் தெரியும். உழவனுடைய மகன் அதைப் பார்த்துக்கொண்டு மேட்டிலே பால் வெட்டினான்.

மழையும் அவனுக்கு மாறிவிட்டது. ஊரிலே மழை வந்தால் கையெடுத்துக் கும்பிட்டவன், இங்கே விடியற்காலை மழையைக் கண்டு கலங்கினான். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் அன்றைய பேரும் இல்லை. வானத்தைப் பார்த்து வாழும் வாழ்வு மாறவில்லை. வானத்திடம் கேட்கும் வரந்தான் மாறிற்று.

ஆயினும் உழவர் உள்ளம் அழியவில்லை. முதலிலே ஒரு மரத்தடியிற் கல்லை நட்டு மாரியம்மா என்று கும்பிட்டார்கள். பிறகு தகரக் கொட்டகை, பிறகு கற்கோயில். மாரியம்மன் மழைத் தெய்வம் அன்றோ! திருவிழாவிலே தானியத்தை முளைக்கவைத்துச் சுமந்து செல்லும் முளைப்பாரியும், கரகமும் கும்மியும் உழவர் வழிபாடே. வயலே இல்லாத மக்கள் கிண்ணத்திலும் சட்டியிலும் மண் இட்டு விதை தூவி, அது பச்சையாக வளர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தார்கள். தை முதல் நாளிலே, தாம் விளைவிக்காத அரிசியிலே தம் கையாற் பொங்கிச் சூரியனுக்குப் படைத்தார்கள். அயலிலே வாழும் சிங்கள உழவரும் புத்தரிசி வந்ததும் முதலிலே தம் கோயிலுக்குப் படைத்துவிட்டே உண்பர். முதற்பிடி தெய்வத்துக்கு என்னும் வழக்கத்திலே இரு மக்களும் ஒரே குடியினர்.

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே ஒரு குடும்பம். அதன் பின்புறத்து ஓரடி மண்ணிலும் கீரையும் மிளகாயும் மரவள்ளியும் நட்டவர்கள் நம் தாய்மார். கூலியிலே கோயிலுக்கு என்று செக்ரோலிலே சந்தா பிடிக்கச் சொன்னவர்கள் நம் தகப்பன்மார். சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கமாகவும் வழி உண்டு. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை யாத்திரைக் காலம். வழியிற் போவோர் சைவரோ பௌத்தரோ என்று கேளாமல் தண்ணீரும் தேநீரும் கொடுத்து அனுப்பும் பழக்கம் இம்மண்ணில் வாழும் எல்லோருக்கும் உண்டு. வந்தவரைப் பேர் கேட்குமுன் பசி கேட்பது மாறனார் காட்டிய வழி.

மண்ணின்மேல் இருந்த பற்றும் மறையவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம மக்களுக்குப் பங்கிட எடுத்தபோது, அங்கே நெடுங்காலம் வாழ்ந்த தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் மறுத்து நின்றார்கள். அவர்களுக்காகத் தோட்டங்களிலே பெரிய வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964 ஒக்டோபரிலே செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கப்பலேறிற்று. 1977, 1981, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களிலே இப்பகுதித் தோட்டங்கள் பல தாக்கப்பட்டன. அப்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்கள் அங்கே காடு வெட்டி மறுபடியும் நெல் விதைத்தார்கள். நூறாண்டு கூலியாக இருந்த பின்னும் கை உழவை மறக்கவில்லை!

வறுமையைப் புகழ்தல் ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். மாறனார் கதையைச் சொல்லி, “வறுமையே புண்ணியம், உள்ளதோடு திருப்தியாக இருங்கள்” என்று ஏழைக்கு உபதேசம் செய்வாரும் உளர். பெரியபுராணம் அப்படிச் சொல்லவில்லை. செல்வராக இருந்தபோதும் மாறனார் கொடுத்தார். வறியவராக ஆனபோதும் கொடுத்தார். போற்றப்பட்டது அவருடைய கை, அவருடைய வறுமை அன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து தோட்டங்களிலே பஞ்சம் வந்தபோது, ஈரப்பலாவும் மரவள்ளியும் வற்றாளையும் தின்று உயிர் காத்தவர்களைப் பெரியோர் பலர் நேரிற் கண்டிருப்பர். பசியாற் செத்தவர்களையும் கண்டிருப்பர். அந்தப் பசியைப் புனிதம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. பசித்தவனுக்குச் சோறு கொடு என்பதே இவ்வரலாற்றின் சொல். பசித்தவனே, பொறுத்திரு என்பது அதன் சொல் அன்று.

மற்றொன்றையும் மறத்தலாகாது. அம்மையாருடைய யோசனை இல்லையேல் மாறனார் வரலாறே இல்லை. அவர் பெயர் எழுதப்படாமற் போயிற்று. நம் தோட்டங்களிலும் நெடுங்காலம் பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கினான். ஆணுக்குச் சமமான நாட்கூலி பெண்ணுக்குச் சட்டப்படி கிடைத்தது 1984இலேதான். கோயிற் சபையிலும் சங்கக் கூட்டத்திலும் நம் சகோதரிகளுடைய யோசனையைக் கேட்கிறோமா? கேட்டால் அவர்கள் பெயரை அறிக்கையில் எழுதுகிறோமா? இந்த ஆண்டிலிருந்தாவது எழுதுவோமாக.

நம் விதைநெல் எது?

இன்று நம் கையில் உள்ள விதைநெல் எது? வயல் இல்லாதவருக்கு விதை உண்டோ எனின், உண்டு. பிள்ளையின் படிப்பு விதை. சங்கத்தின் சிறு நிதி விதை. லயத்துப் பின்புறத்துக் கீரைப்பாத்தி விதை. வீடு கட்டுவதற்கென்று சில குடும்பங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் நிலமும் விதையே. வாலிபர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். செல்வது தவறன்று, உழைத்து வாழ்தல் எங்கும் பெருமையே. ஆனால் அங்கே ஈட்டிய முதற்பணத்தை மதுவுக்கும் ஆடம்பரத்துக்கும் செலவழிப்பவன் விதைநெல்லைத் தான் தின்றவன் ஆகின்றான். தம்பி தங்கையின் பாடசாலைக் கட்டணத்துக்கு அதைக் கொடுப்பவன் மாறனார் சென்ற வழியிலே செல்கின்றான்.

ஆகையால் இவ்வாண்டு ஆவணி மகத்துக்கு நாம் செய்யத்தக்கவை சில உள. பூசையும் புராண படனமும் நடத்துவோம். அன்று அன்னதானத்தின்போது முதற்பந்தியிலே, வேலைநாள் இல்லாமல் அடுப்பு மூட்டாத வீட்டாரையும், துணையற்ற முதியோரையும் பேர் சொல்லி அழைத்து உட்காரவைப்போம். கோயில் நிலத்தின் ஒரு மூலையிலே பிள்ளைகளைக் கொண்டு கீரைப்பாத்தி ஒன்று போடுவிப்போம். அதில் விளைந்ததே அன்றைய கறியாகட்டும். இரவு வகுப்பு நடத்துவதற்கு ஒரு விளக்கும் இரண்டு வாங்கும் வேண்டும். சபையார் அதைத் தருவார்களாக. படித்த வாலிபர் வாரத்தில் இரண்டு மாலையை அதற்குக் கொடுப்பார்களாக. அந்த மாலைகளே அவர்கள் கூடையில் வாரும் முளை.

மாறனார் வீட்டுக் கதவு நள்ளிரவிலும் மழையிலும் திறந்தது. வந்தவர் இறைவன் என்று அவர் அறிந்து திறக்கவில்லை. பசித்தவர் என்று அறிந்தே திறந்தார். நம் மலைகளிலும் மழைக்குக் குறைவில்லை. மண்சரிவு அச்சத்திலே லயத்தை விட்டு நனைந்துகொண்டு ஓடிவருபவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். 2016 மே மாதத்திலே கேகாலை மாவட்டத்து அரநாயக்கை மலை சரிந்தபோது கோயில்களும் விகாரைகளும் பாடசாலைகளும் கதவைத் திறந்து வைத்ததை நாடறியும். இனியும் ஓர் இரவு அப்படி வரலாம். அன்று நம் சங்கத்துக் கட்டடத்தின் சாவி எவரிடம் உள்ளது என்று தேடிக்கொண்டு நிற்கும் நிலை நமக்கு வரலாகாது.

உழவர் திருக்குடி வாழ்க! அடியார் தொண்டு ஓங்குக! எல்லார் அடுப்பும் எரிய எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக!